மலைநாட்டு நூதனசாலையும் பெயரற்ற படங்களும்

நூதனசாலை என்னுஞ் சொல்லை ஈழத்தமிழர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். நூதனம் என்பது புதுமை. முன் கண்டிராத அரும்பொருள்களைத் திரட்டி வைத்த சாலை நூதனசாலை எனப் பெயர்பெற்றது. 1877 ஆம் ஆண்டில் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட காலத்தில் இப்பெயர் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆயின் இச்சொல்லினுள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள் யாருக்கு நூதனம் என்பதே அவ்வினா. கொழுந்துக் கூடையொன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கக் காணும் வெளிநாட்டவர்க்கு அது புதுமைப் பொருள். அக்கூடையின் கயிற்றைத் தலையிற் கொளுவி நாற்பது ஆண்டுகள் மலை ஏறியிறங்கிய தாயின் மகளுக்கு அதிற் புதுமை யாதுமில்லை. அவளுக்கு வேண்டுவது வியப்பன்று, சான்று. ஒரு சிறிய நூதனசாலை தன்னை நாடி வருவோருள் எவரை மனத்திற் கொண்டு அமைக்கப்பட்டது என்பதைக் கொண்டே அதன் தகுதியை அளவிடல் வேண்டும்.

மத்திய மலைநாட்டில் தேயிலை வரலாற்றைக் காட்டும் நூதனசாலைகளுள் இரண்டு இவ்வகையில் ஒப்புநோக்கற்பாலன. ஒன்று, கண்டிக்கு அண்மையில் ஹந்தானையில் அமைந்த தேயிலை நூதனசாலை. 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டுக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றைச் செப்பனிட்டு 2001 ஆம் ஆண்டில் அதனை அமைத்தனர். மற்றையது, கம்பளைக்கு அண்மையிற் பாரதெக்கவில், பழைய லயமொன்றில் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் இது 2007 ஆம் ஆண்டில் உருப்பெற்றது. ஒன்று தொழிற்சாலையைத் தன் இல்லமாகக் கொண்டது. மற்றையது லயக் காம்பராவைத் தன் இல்லமாகக் கொண்டது. எவ்விடத்திலிருந்து வரலாற்றைப் பார்ப்பது என்னும் தெரிவு கட்டடத்தைத் தேர்ந்தபோதே நிகழ்ந்துவிட்டது.

ஹந்தானை நூதனசாலையிற் பார்வையாளரை எதிர்கொள்வன இயந்திரங்கள். கொழுந்தை அரைக்கும் உருளைகள், உலர்த்தும் பொறிகள், அவற்றை இயக்கிய பழைய எஞ்சின்கள் ஆகியன செம்மையுற வைக்கப்பட்டுள்ளன. மேல்தளத்தில் ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களும் தோமஸ் லிப்டனைப் பற்றிய காட்சிகளும் உள. ஸ்கொத்லாந்திற் பிறந்து 1852 ஆம் ஆண்டில் ஈழம் வந்து, 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துராத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் டெயிலர். அவர் பயன்படுத்திய பொருள்கள் போற்றப்படுவதிற் குறைகாண எதுவுமில்லை. தொழில்நுட்ப வரலாறு என்ற அளவில் அந்நூதனசாலை தன் கடமையைச் செய்கின்றது. எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அப்பத்தொன்பது ஏக்கரிற் காடு வெட்டியவர் யார், குழி தோண்டியவர் யார், முதற் கொழுந்தைக் கிள்ளிய விரல்கள் யாருடையன? துரையின் பெயர் தெரியும். பொறியைச் செய்த கம்பனியின் பெயர் இரும்பில் வார்க்கப்பட்டுள்ளது. பயிரின் பெயர் உலகறிந்தது. உழைத்தவர் பெயரொன்றே தெரியவில்லை.

அவர்கள் முற்றாகக் காணப்படவில்லை என்பதற்கில்லை. தேயிலை வரலாறு பேசப்படும் இடமெங்கும் அவர்கள் படங்களிற் காணப்படுகின்றனர். நூதனசாலைச் சுவர்களிலும், மலைநாட்டு ஹோட்டல்களின் முன்கூடங்களிலும், தேயிலைப் பெட்டிகளின் மேலும் மங்கிய பழுப்பு நிறப் படங்களில் அவர்கள் நிற்கின்றனர். உலகிற் பெரிதும் பார்க்கப்பட்ட தமிழ் முகங்களுள் அவையும் அடங்கும் எனலாம். ஆயினும் அவற்றின் கீழ் எழுதப்படுவது கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் என்ற அளவே. இத்துணைப் பேராற் பார்க்கப்பட்டும் ஒருவராலேனும் அறியப்படாமை ஒரு விந்தையான நிலை. படம் இருந்தும் பெயர் இல்லாத இந்நிலையே மலைநாட்டு நூதனசாலைகள் தீர்க்க வேண்டிய முதற் சிக்கல்.

இதனைத் தெளிய வேண்டுமாயின் அப்படங்கள் உண்டான முறையை அறிதல் வேண்டும். 1880 ஆம் ஆண்டளவு வரை புகைப்படக் கலைஞர் கையாண்டது ஈரத்தகட்டு முறை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே படம் பிடித்து, அப்பொழுதே இருளறையிற் கழுவி எடுத்தல் வேண்டும். மலைச்சரிவிற் படம் பிடிப்பதாயின் இருட்கூடாரமும் மருந்துப் போத்தல்களும் கண்ணாடித் தகடுகளும் சுமைகாரர் தலையில் ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. படத்தில் விழுவோர் சில விநாடிகள் அசையாது நிற்றலும் இன்றியமையாதது. அசைந்தாற் படம் கலங்கும். கொழுந்து பறிப்பவளின் கை ஒரு விநாடியும் ஓய்ந்திராது என்பது மலைநாட்டார் யாவரும் அறிந்ததே. பழைய படத்தில் அவள் கை தெளிவாகத் தெரியுமாயின், அப்போது அவள் கொழுந்து பறிக்கவில்லை. பறிப்பவள்போல் நின்றாள் என்பதே உண்மை. வேலையைக் காட்டும் படம் வேலையை நிறுத்தி எடுக்கப்பட்டது. நிறுத்தும்படி சொல்லும் அதிகாரம் உடையவர் படப்பெட்டியின் பக்கம் நின்றார்.

பின்னர் உலர்தகடு வந்தது. விநாடியிற் சிறு கூற்றிலே படம் பிடிக்கலாயிற்று. அசைவைத் தடுக்க வேண்டிய தேவை நீங்கியது. ஆயினும் படங்களின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. வரிசையாக நிற்கும் பெண்கள், தலையிற் கூடை, பின்னணியில் மலை, ஒரு புறம் தொப்பியணிந்த துரை அல்லது கோலூன்றிய கங்காணி என்னும் அதே அமைப்பு தொடர்ந்தது. கருவி மாறியும் காட்சி மாறாமையிலிருந்து பெறப்படுவது யாது? அவ்வமைப்புக்குக் காரணம் கருவியன்று, சந்தை என்பதே. ஸ்கீன், ஸ்கோவன் முதலியோரின் நிலையங்களும், 1890 இல் தொடங்கிய பிளாற்றே நிறுவனமும் பிரயாணிகளுக்கும் தோட்டச் சொந்தக்காரருக்கும் படங்களை விற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படங்கள் தபாலட்டைகளாகிக் கடல் கடந்தன. வாங்குவோர் விரும்பியது ஒழுங்கும் அமைதியும் பசுமையும் பொருந்திய தோட்டம். அக்காட்சிக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை. பெயர் எழுதப்படின் அது ஒருவரின் படமாகிவிடும், தேயிலையின் படமாகாது.

விற்பனைக்கன்றிக் கலைக்கென எடுத்தோர் வேறுவிதமாக நடந்தனரோ எனின், அங்கும் நிலைமை பெரிதும் வேறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறந்த புகைப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமெரன் மலைநாட்டிலேயே மறைந்தவர். 1815 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்த அவ்வம்மையார் 1875 ஆம் ஆண்டிற் கணவருடன் ஈழம் வந்தார். 1879 ஆம் ஆண்டு தை மாதத்தில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உயிர்நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமெரன், 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமெரன் சீர்திருத்தங்களாற் பெயர் பெற்றவரே. இங்கிலாந்தில் அம்மையார் படமெடுத்த தெனிசன், டார்வின், ஹேர்சல் முதலிய பெரியோரின் பெயர்கள் நிலைத்துள்ளன. அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியரின் பெயர்கூட இன்று யாவர்க்கும் தெரியும். ஈழத்தில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியன முப்பதுக்கும் குறைவு என்பர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் உள்ள முகங்கள் களுத்துறைக் குடியானவர், இளம் பெண், தோட்டத் தொழிலாளர் என்ற பொதுப்பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன.

இங்கே கலைஞரின் திறமையையோ பரிவையோ குறைகூறுதல் பொருந்தாது. ஈழப் படங்களிலும் அவர் முகத்தின் ஒளியையும் நிழலையும் அன்போடு நோக்கியுள்ளார் என்பது மறுக்கவியலாதது. குறிப்பிடத்தக்கது இதுவே: ஒரே கண், ஒரே கை, ஒரே படப்பெட்டி, ஆயினும் கடலின் ஒரு கரையிற் பணிப்பெண்ணுக்கும் பெயர் கிடைத்தது, மறு கரையிற் கிடைக்கவில்லை. பரிவு வேறு, பதிவு வேறு. முகத்தை அழகுறக் காட்டுவதனாலேயே ஒருவரை வரலாற்றிற் சேர்த்துவிட்டதாகக் கொள்ளும் நூதனசாலை இவ்வேறுபாட்டை மறந்ததாகும்.

பெயரை எழுதிவைத்தல் மேல்நாட்டு வழக்கம். தமிழர்க்கு அது புதிது என்று கூறுவாரும் உளர். அக்கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாது. போரிற் பட்ட மறவனுக்கு நடுகல் எடுத்தபோது அவன் பெயரையும் செயலையும் அக்கல்லிற் பொறித்தவர் தமிழர். தஞ்சைப் பெரிய கோயிலிற் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களையும், அவர்கள் குடியிருந்த தெருச் சிறகையும், வீட்டின் வரிசை எண்ணையும் முதலாம் இராசராசனின் கல்வெட்டு வரிசையாகக் கூறுகின்றது. கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் பெயர்களையும் சோழர் கல்வெட்டுக்களிற் காணலாம். ஊழியஞ் செய்தோரைப் பெயர் சொல்லிப் பதிவு செய்த மரபு பதினோராம் நூற்றாண்டிலேயே இருந்தது. எனவே மலைநாட்டு நூதனசாலையிற் பெயர்களை வேண்டுதல் இரவல் வேண்டுகோளன்று; மரபு கேட்கும் கடன்.

ஈழத்து மலைநாட்டில் இக்கடன் ஏனைய நாடுகளினும் பாரமானது என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மொரீசியசுக்குச் சென்ற தமிழரும் ஏனைய இந்தியரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவ்வொருவர்க்கும் எண்ணும் பெயரும் ஊரும் குடிவரவுப் பதிவேட்டில் எழுதப்பட்டன. பின்னர் முகப் படங்களும் எடுக்கப்பட்டன. அவ்வேடுகள் மகாத்மா காந்தி நிறுவகத்திற் பேணப்படுகின்றன. ஆதலின் அந்நாட்டில் ஒருவர் தம் பாட்டனின் பாட்டன் எவ்வூரிலிருந்து வந்தார் எனத் தேடிக் காணல் இயலும். ஈழத்திற்கோ கங்காணி முறையால் ஆட்கள் வந்தனர். கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் சேர்த்து, முற்பணம் கொடுத்து, கடன் சுமத்தி அழைத்து வந்தான். அத்தகைய தனியாள் ஒப்பந்தப் பதிவேடு இங்கு அமையவில்லை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தோருள் வழியில் மாண்டவர் பலர். அவர்களின் பெயர்களை எழுதிவைக்க ஓர் ஏடும் இருக்கவில்லை.

பின்னர் அரசு எழுதத் தொடங்கியபோது முதலில் எழுதியது பெயரையன்று, எண்ணை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த சிறு தகரவில்லையுடன் தொழிலாளர் அனுப்பப்பட்டனர். பொதியொன்றைச் சேரவேண்டிய இடத்திற்கு விலாசமிட்டு அனுப்புதல் போன்றது அது. தோட்டத்துள் செக்றோல் என்னும் சம்பளப் பதிவேட்டிற் பெயர் உண்டு. ஆனால் அது வேலை செய்த நாளை எண்ணுவதற்கே எழுதப்பட்டது. மலைநாட்டுத் தமிழரின் தொடக்ககால எழுத்துச் சான்றுகளிற் பெரும்பகுதி அவர்களிடம் பெறவேண்டியதைக் கணக்கிட எழுந்தவை. அவர்களை அறிய எழுந்தவையல்ல. நூதனசாலையொன்று பழைய சம்பளச் சீட்டையோ பற்றுச்சீட்டையோ காட்சிக்கு வைக்கும்போது இதனையும் சேர்த்துச் சொல்லாவிடின், அச்சீட்டு வெறும் பழந்தாளாகவே தோன்றும்.

இப்பதிவின்மை அறிவுலகச் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. அதன் விளைவை மலைநாட்டு மக்கள் வாழ்க்கையில் நேரே அனுபவித்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன; குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மூன்று தலைமுறையாக ஒரே லயத்திற் பிறந்து வளர்ந்தவர்க்கும் அதனைத் தாளில் மெய்ப்பித்தல் அரிதாயிற்று. மலை அவர்களை அறியும், தேயிலைச் செடி அறியும், ஏடு அறியவில்லை. ஏடு அறியாதவரைச் சட்டமும் அறியவில்லை. பெயரற்ற படத்தின் கீழ் உள்ள வெற்றிடம் எத்தகைய ஆபத்தைச் சுமந்தது என்பதை இவ்வரலாறு காட்டும்.

1964 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இக்காலத்தில் மலைநாட்டில் ஒரு புதுவகைப் படம் பெருகியது. கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்துக்குமாக எடுக்கப்பட்ட முகப் படமே அது. மலையும் கூடையும் அதில் இல்லை. நேரே நோக்கும் கண்களும் படத்துடன் ஒட்டிய பெயரும் உள. கொழுந்துப் பெண்ணாக மட்டுமே படத்தில் விழுந்த இனத்தவர் பலர் பெயரோடு படத்தில் விழுந்தது, நாட்டைவிட்டு அனுப்பப்படுவதற்காகவே என்பது நெஞ்சை வருத்தும் முரண். இவ்வகைப் படங்களைப் பழைய தபாலட்டைப் படங்களுக்கு எதிரே ஒரே சுவரில் வைப்பாராயின், நீண்ட விளக்கவுரைகள் செய்ய மாட்டாத வேலையை அவை செய்யும்.

மூன்றாவது வகைப் படம் ஒன்றுண்டு. அது லயத்துச் சுவர்களிற் சாமிப் படங்களுக்கு அருகே தொங்குவது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகர்களின் ஸ்டூடியோக்களில் திருமணத்தின் பின்னோ, குழந்தை பிறந்த பின்னோ, தீபாவளிக்கோ எடுக்கப்பட்டது. தீட்டிய திரைக்கு முன்னே, இரவல் கைக்கடிகாரத்துடனும் புதுச் சேலையுடனும் குடும்பத்தினர் நிற்பர். இதுவும் அமைத்து எடுத்த படமே. இதுவும் முழு உண்மையைச் சொல்வதன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே எப்படித் தோன்றுவது என்பதைத் தோன்றுவோரே முடிவு செய்தனர். அவர்கள் முடிவு செய்தபோது கூடையை எடுத்துச் செல்லவில்லை; படங்கு கட்டிக்கொண்டும் செல்லவில்லை. துரையின் படப்பெட்டி அவர்களை உழைப்பிலன்றி வேறெதிலும் காணவில்லை; அவர்களோ உழைப்பிலன்றி வேறெல்லாவற்றிலும் தம்மைக் காட்ட விரும்பினர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவனுக்கே மலைநாட்டு வரலாறு விளங்கும். ஒன்றை மட்டும் காட்டும் நூதனசாலை பாதியையே காட்டுவதாகும்.

பெயரின்மைக் குற்றத்தைப் பிறர்மேல் மட்டும் சுமத்துதலும் நடுநிலையாகாது. கோ. நடேசய்யர் 1931 ஆம் ஆண்டில் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலந்தொட்டு, தொழிற்சங்க இயக்கம் மலைநாட்டின் முகத்தை மாற்றியது. 1952 ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகம் முதலிய போராட்டங்கள் அம்மக்களின் துணிவுக்குச் சான்று. ஆயினும் சங்கக் கூட்டங்களின் நினைவாக எடுக்கப்படும் படங்களின் வழமையான அமைப்பை நோக்குக. முன்வரிசையில் மாலையணிந்து அமர்ந்தோர் பெயர்கள் இடமிருந்து வலமாக எழுதப்படும். பின்னே நிற்கும் தொழிலாளர் பெயர்கள் எழுதப்படுவதில்லை. பெண்கள் அவ்விரு வரிசைகளுக்கும் அப்பால் நிற்பர். கொழுந்து பறிப்போருட் பெண்களே மிகப் பலர் என்பதை எண்ணும்போது இக்குறை பின்னும் பெரிதாகும். தமக்குரிய நூதனசாலையை அமைக்கும் சமூகம், துரை மறந்த பெயர்களைத் தேடுவதோடு தான் மறந்த பெயர்களையும் தேடுதல் முறை.

இனி, பாரதெக்க நூதனசாலையின் சிறப்பு யாதெனின், காட்சிப் பொருள்களைத் தொழிலாளர் வாழ்ந்த இடத்திலேயே வைத்தமை. அங்கு வேலைக் கருவிகளும், சமையற் பாத்திரங்களும், அணிகலன்களும், இசைக் கருவிகளும், படங்களும், ஆவணங்களும் திரட்டப்பட்டுள்ளன. கம்பளைப் பிரதேசம் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய நிலம் ஆகலின், இடப்பொருத்தமும் உண்டு. கோப்பி, 1869 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோயால் அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த வரலாற்றையும் அந்நிலம் கண்டது. கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் ஒரு தோட்டத்தின் தொழிலை நினைவூட்ட, தப்பு முதலிய வாத்தியங்கள் அதே மக்களின் காமன் கூத்தையும் திருவிழாவையும் நினைவூட்டும். உழைப்பாளி உழைப்பாளியாக மட்டும் இருந்ததில்லை. கூத்தாடியாகவும் பத்தனாகவும் கதைசொல்லியாகவும் இருந்தான் என்பதை இவ்விணைப்பு உணர்த்துகின்றது. பொருள்களைத் தெரிந்தெடுத்த இவ்வறிவு பாராட்டற்பாலது.

ஆயின் லயக் காம்பராவைக் காட்சிப்பொருளாக்குவதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அறையில் ஒரு குடும்பமும், சிலவேளை இரு தலைமுறையினரும் வாழ்ந்தனர். அடுப்புப் புகை, மழைக்காலத்தில் உலராத கம்பளி, அடுத்த காம்பராவின் இருமல், விடியுமுன் ஒலிக்கும் பிரட்டுத் தப்பு ஆகியன அவ்வறையின் உண்மைகள். மக்கள் நீங்கிய பின் கழுவித் துடைத்து, பொருள்களை ஒழுங்குற அடுக்கி வைக்கும்போது அவ்வறை அமைதியும் அழகும் பெற்றுவிடுகின்றது. நெருக்கடியைக் காட்ட எடுத்த இடம் நெருக்கடியின்றித் தோன்றுகின்றது. இது தபாலட்டைப் படத்திற் கண்ட அதே குறைதான். அங்கே கையை நிறுத்திக் காட்டினர், இங்கே வாழ்வை நிறுத்திக் காட்ட நேர்கின்றது. இதற்குப் பரிகாரம் பொருள்களைக் கூட்டுவதன்று. அக்காம்பராவில் ஒரு காலத்தில் வாழ்ந்தோர் இன்னின்னார், அவர்கள் எத்தனை பேர், எங்கே படுத்தனர், எங்கே பிள்ளை பெற்றனர் என்பதை எளிய தமிழில் ஒரு பலகையில் எழுதிவைத்தலே போதும். வெற்றறையைப் பெயர்கள் நிரப்பும்.

படங்களைப் பொறுத்தவரையும் செய்யவேண்டுவது அரியதன்று. ஒவ்வொரு படத்தின் கீழும் நான்கு செய்திகள் இருத்தல் வேண்டும். எடுத்தவர் யார், எடுத்த காலம் எது, எடுத்த தோட்டம் எது, எந்நோக்கத்துக்காக எடுத்தனர் என்பனவே அவை. விற்பனைக்கு எடுத்த படத்தை விற்பனைப் படம் என்று சொல்லிவிட்டாற் பார்ப்போர் அதனைத் தக்கவாறு படித்துக்கொள்வர். ஐந்தாவதாக வேண்டுவது நிற்போரின் பெயர். அதனைப் பெற ஒரே வழி, படங்களை நூதனசாலையில் மட்டும் வைத்திராது தோட்டங்களுக்குக் கொண்டுசென்று முதியோரிடம் காட்டுதல். மூக்குத்தியைக் கண்டும், நிற்கும் தோரணையைக் கண்டும், பின்னே தெரியும் மலையின் பெயரைக் கொண்டும் ஒரு முதியவள் தன் பெரியதாயை இனங்காணக்கூடும். அறிய முடியாத இடத்தில், பெயர் அறியப்படவில்லை என வெளிப்படையாக எழுதுதலே நேர்மை. கொழுந்துப் பெண்கள் என்று எழுதிவிட்டுக் குறை தீர்ந்ததாகக் காட்டுதல் நேர்மையன்று.

நூறாண்டுக்கு முந்திய படங்களில் உள்ளோரை இனி யார் இனங்காண்பார் என்று வினவுதல் கூடும். மிகப் பழைய படங்களைப் பொறுத்தவரை அவ்வினா நியாயமானதே. அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் மீளா. ஆயின் 1940 ஆம் ஆண்டுக்குப் பிந்திய படங்களுக்கு அவ்விடர் இல்லை. அவற்றிலுள்ள குழந்தைகள் சிலர் இன்றும் உயிரோடு உளர். 1940 ஆம் ஆண்டில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாராற் சுடப்பட்டு மாண்ட கோவிந்தனின் பெயர், துரைமாரின் குறிப்பேட்டினால் நிலைக்கவில்லை. மக்களின் வாய்மொழியாலும் சங்கங்களின் நினைவாலுமே நிலைத்தது. மலைநாட்டின் மெய்யான பெயரேடு இன்றும் முதியோர் நாவிலேயே உள்ளது. அவ்வேட்டின் தாள்கள் ஆண்டுதோறும் உதிர்கின்றன. காட்சிச்சாலைக்குக் கூரை வேய ஓராண்டு பிந்தினாற் கேடில்லை. முதியோரைக் கேட்க ஓராண்டு பிந்தின் அது மீளாத இழப்பு.

கல்லூரிகள் இப்பணியில் நேரே பங்குகொள்ளல் இயலும். மலைநாட்டுப் பாடசாலைகளில் வரலாறு கற்கும் மாணவர் மன்னர் பட்டியலையும் தேசாதிபதிகளின் பட்டியலையும் மனனஞ் செய்கின்றனர். அவர்களுட் பலர் வீட்டுப் பெட்டியின் அடியில் பழைய கடவுச்சீட்டும், மங்கிய குடும்பப் படமும், பாட்டனின் சம்பளச் சீட்டும் கிடக்கின்றன. அவற்றைக் கொணர்ந்து, வீட்டாரைக் கேட்டுப் பெயரும் ஆண்டும் எழுதி, பிரதியெடுத்துக் காப்பகத்திற் சேர்த்து, மூலத்தை வீட்டுக்கே திருப்பியளிக்கும் பயிற்சி ஒரு வரலாற்றுப் பாடத்துக்கு நிகரானது. வீட்டார் விரும்பாத படத்தைக் காட்சிக்கு வையாமையும் அப்பயிற்சியின் பகுதியாதல் வேண்டும். கேளாமல் எடுக்கப்பட்ட படங்களாலேயே இக்கதை தொடங்கிற்று என்பதை மறத்தல் கூடாது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கி, 1948 இல் தொடங்கிய நாடற்ற நிலைக்குப் பெரும்பாலும் முடிவு கண்டது. 2023 ஆம் ஆண்டில், மலைநாட்டுத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் பெயரின்றி நடந்த வழியைப் பின்னோர் பெயருடன் நடந்து கடந்தனர். சட்டம் தந்த பெயரை வரலாறும் தருதல் வேண்டும். அதற்கு மாளிகையும் பெருநிதியும் தேவையில்லை. ஒரு பழைய லயக் காம்பராவும், சுவரில் ஒரு படமும், அதன் கீழ்ப் பிழையின்றி எழுதிய ஒரு பெயரும் போதும். தன் பாட்டியின் பெயரை அச்சுவரிற் படிக்கும் சிறுமிக்கு அந்த இடம் நூதனசாலையாகத் தோன்றாது. தன் வீடாகவே தோன்றும்.